குதிகாலுக்கு அடியில் ஒரு சுவிட்ச்

இடது கால் செருப்பு கழன்று விழுந்தது எனக்குத் தெரியவில்லை. அதுதான் முதல் அறிகுறி.

1995ஆம் ஆண்டு, சங்கராந்தி முடிந்த வாரம். காலையில் தபால் அலுவலகத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். அக்ரஹாரம் சர்க்கிளைத் தாண்டியதும் பின்னாலிருந்து பூக்காரம்மா கூப்பிட்டார். "அம்மா, சப்பலி, சப்பலி." திரும்பிப் பார்த்தேன். என் செருப்பு தூரத்தில் சாலையோரமாகக் கிடந்தது. அங்கிருந்து இங்கு வரை ஒரு கால் வெறுங்காலாக நடந்து வந்திருக்கிறேன். ஜனவரிக் குளிரில் சில்லிட்டுக் கிடந்த தரை அந்தப் பாதத்துக்கு எட்டவே இல்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். அதுதான் நான் செய்த தவறு. பிற்பகலில் இடது கையிலிருந்த ரிஜிஸ்டர் தபால் கட்டு நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் எழவில்லை. என்ன ஆயிற்று என்று போஸ்ட்மாஸ்டர் கேட்டபோது நான் சொன்ன பதில் எனக்கே புரியவில்லை. அவர்தான் ஆட்டோ வரவழைத்து மருத்துவமனைக்கு அனுப்பினார்.

இதைப் படிக்கிறவர்களிடம் முதலில் ஒன்று சொல்ல வேண்டும். கையோ காலோ வாயோ ஒரு பக்கம் மட்டும் சொன்னபடி கேட்கவில்லையென்றால், வேலை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்போதே போங்கள்.

தேதிகளைத் தேடிச் சேர்ப்பது என் பழக்கம். மைசூரில் எந்தத் தெருவுக்கு எப்போது மின்விளக்கு வந்தது, எந்தக் கட்டடத்துக்கு எப்போது கால்கோள் விழா நடந்தது என்று பழைய பத்திரிகைகளில் தேடி எழுதிவைப்பேன். யாரும் கேட்டதில்லை, பிடித்திருந்தது, செய்தேன். இந்த நோயையும் தேதிவாரியாக எழுதத்தான் நினைத்தேன். முடியவில்லை. படுக்கையில் இருப்பவருக்கு நாட்கள் வரிசையாக வருவதில்லை. பண்டிகைகள் மட்டும் நினைவில் நிற்கின்றன. அவற்றை வைத்தே சொல்கிறேன்.

சி.டி. ஸ்கேன் (மூளையைக் குறுக்குவாட்டில் அடுக்கடுக்காகப் படமெடுக்கும் பரிசோதனை) எடுத்தார்கள். பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டோ வெடித்தோ உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்று நரம்பியல் மருத்துவர் சொன்னார். எனக்கு அடைப்பு. இரத்த அழுத்தம் பல வருடங்களாகவே அதிகமாக இருந்திருக்க வேண்டும், நான் பார்த்துக்கொள்ளவில்லை.

மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வலப்பக்க மூளையில் ஓர் இடத்தைக் காட்டினார். "இந்த இடம் போயிடுச்சு. திரும்ப வராது. பக்கத்துல இருக்கிற இடங்கள் அந்த வேலையை எடுத்துக்கலாம். எடுத்துக்காமயும் போகலாம். நாமதான் கேட்டுக்கிட்டே இருக்கணும்." அவர் கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். இனி, அவரவர் சொன்ன வார்த்தை நினைவிருக்கும் இடத்தில் அப்படியே எழுதுகிறேன்.

சிவராத்திரிக்குள் பேச்சு திரும்பியது. யுகாதிக்கு வேப்பம்பூவும் வெல்லமும் கலந்ததை இடது கையாலேயே எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் என்றால் இரண்டு பேர்: ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கும் என் கணவர், பி.யு.சி. படித்துக்கொண்டிருந்த மகள் வித்யா.

கால் மட்டும் வரவில்லை. இடுப்பும் முழங்காலும் ஓரளவு தேறின. பாதம் தேறவில்லை. பாதத் தொய்வு (நடக்கக் காலைத் தூக்கும்போது பாதத்தின் முன்பகுதி எழாமல் தொங்கிவிடுவது) என்று அதற்குப் பெயர். தொங்குகிற பாதம் தரையில் இடிக்காமலிருக்க, காலை அரிவாள் வீசுவதுபோல் வெளிப்பக்கமாகச் சுழற்றி வைக்க வேண்டும். சமதரையில் அப்படிச் சமாளித்தேன். எங்கள் வாடகை வீடு பழைய காலத்து வீடு. அறைக்கு அறை வாசற்படி. சமையலறையிலிருந்து கூடத்துக்கு வரும்போது ஒரு நாள் கட்டைவிரல் படியில் தட்டி, ரசப் பாத்திரத்தோடு விழுந்தேன். நல்ல வேளை, ரசம் ஆறியிருந்தது.

அன்று கணவர் சொன்னார்: "இனிமே எந்திரிக்கணும்னா என்னைக் கூப்புடு. பாத்ரூம் போகணும்னாலும் கூப்புடு. வெக்கம் கிக்கமெல்லாம் பேடா, வேண்டாம்."

"நீங்க ஷிப்டுக்குப் போயிட்டா யாரைக் கூப்புடறது?"

அவருக்கு விடுப்பெல்லாம் தீர்ந்துகொண்டிருந்தது. வித்யாவைக் கல்லூரியிலிருந்து நிறுத்திவிடலாமா என்ற பேச்சு வீட்டுக்குள் வந்துவிட்டது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் வந்துவிட்டது எனக்குத் தெரியும். எனக்கு அப்போது மலையேற வேண்டாம், சாமுண்டி மலைப் படியை நினைக்கவே இல்லை. என் வீட்டுக்குள் நான் தனியாக இருக்க முடிய வேண்டும். அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

மருத்துவமனையின் பிசியோதெரபி அறையில் ஷைலஜா என்ற பெண் எனக்குப் பயிற்சி கொடுத்துவந்தார். வித்யாவைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். அவருடைய தமிழ் சினிமாவிலிருந்து வந்தது, நடுநடுவே கன்னடம் முளைக்கும். கோடை தொடங்கியபோது ஒரு நாள், மேசைமேல் இருந்த பெட்டியைத் தட்டி, "இன்னைக்குக் காலுக்குக் கரண்ட் கொடுக்கப் போறேன், பயப்படாதீங்க" என்றார்.

மின் தூண்டல் (தோலின் மேல் ஒட்டிய தகடுகள் வழியாகச் சிறு மின்துடிப்புகளைச் செலுத்தி நரம்பையும் தசையையும் இயங்கவைக்கும் சிகிச்சை) எனக்கு முற்றிலும் புதிதல்ல. செத்த தவளையின் கால் மின்சாரம் பட்டுத் துடித்த கதையைப் பள்ளிக்கூட நாளிலேயே படித்திருக்கிறேன். தவளையின் இடத்தில் நான் இருப்பேன் என்றுதான் நினைக்கவில்லை.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, காலின் வெளிப்பக்கம், ஒரு சின்ன எலும்பு முண்டு இருக்கிறது. அதை ஒட்டித்தான் பாதத்தைத் தூக்கும் நரம்பு தோலுக்குப் பக்கத்தில் வருகிறது. அங்கே பசை தடவிய ரப்பர் தகட்டை வைத்தார் ஷைலஜா. முதலில் எறும்பு ஊர்ந்தது. பிறகு நிறைய எறும்புகள். அப்புறம் என் பாதம் எழுந்தது.

எழுந்தது என்றுதான் சொல்ல முடியும், எழுப்பினேன் என்று சொல்ல முடியாது. சங்கராந்திக்குப் பிறகு அசையாமல் கிடந்த கட்டைவிரல் என் முகத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. பக்கத்துப் படுக்கைக்காரரின் காலைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

"நீங்க செய்யலை அம்மா, கரண்ட் செஞ்சுச்சு. இப்ப அது எத்தும்போது நீங்களும் சேர்ந்து எத்துங்க." எத்துவது என்றால் அவருக்குத் தூக்குவது.

"நான் சேர்ந்தேனா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. சேர்ந்துக்கிட்டே இருங்க."

இது எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் அவர் அன்றே சொன்னார். பக்கவாதத்தில் முதுகுத்தண்டிலிருந்து பாதத்துக்குப் போகும் நரம்பு கெடுவதில்லை. மேலிருந்து உத்தரவுதான் வருவதில்லை. தந்தி அடிக்கிறவர் இருக்கையில் இல்லை, கம்பி அப்படியே இருக்கிறது. நடுவழியில் மின்சாரம் தட்டினால் கம்பி வேலை செய்யும். விபத்தில் அந்த நரம்பே அறுபட்டவர்களுக்கு இந்த வழி உதவாது. உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் எந்தக் கருவியையும் வாங்கிவிடாதீர்கள்.

அன்று வீடு திரும்பும்போது ஆட்டோவில் கணவர் சொன்னார்: "தசராவுக்கு அரமனைக்குக் கரண்ட் குடுக்கறாங்க. உனக்குக் காலுக்குக் குடுக்கறாங்க. ரெண்டுமே ஸ்விட்சை அணைச்சா அவ்வளவுதான்." சிரிக்க வைக்கத்தான் சொன்னார். சிரித்தேன். ஆனால் சொன்னது உண்மை. மேசையைவிட்டு இறங்கியதும் பாதம் தொங்கிவிட்டது.

அந்த மேசையை நடமாட வைத்தவர் நாகராஜ். பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் விரிவுரையாளர். வெளிநாட்டு ஆய்வு இதழ்களில் படித்து, தன் மாணவர்களோடு சேர்ந்து இரண்டு சிறு கருவிகளைச் செய்து மருத்துவமனைக்குக் கொடுத்திருந்தார். சோப்புப் பெட்டி அளவு பெட்டி, உள்ளே பாட்டரி. அதிலிருந்து ஒரு கம்பி முழங்காலுக்குக் கீழே தகடுகளுக்குப் போகும். இன்னொரு கம்பி செருப்புக்கு. செருப்பின் குதிகால் பகுதியில் தட்டையான சுவிட்ச் ஒன்றைப் பதித்திருந்தார்கள். குதிகால் தரையைவிட்டு எழும் நொடியில் மின்சாரம் ஓடிப் பாதத்தைத் தூக்கும். குதிகால் மறுபடி ஊன்றியதும் நின்றுவிடும். அடுத்த அடிக்கு மறுபடி.

ஒன்று மண்டியாவில் ஒரு நோயாளியிடம் இருந்தது. மற்றொன்றை எனக்குக் கொடுத்தார்கள். மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "தசரா வரைக்கும் வெச்சுக்கோங்க. கருவியைக் கழட்டின அப்புறமும் பாதத்துல ஏதாவது மாறுதல் தெரிஞ்சா உங்ககிட்டயே இருக்கட்டும். இல்லேன்னா அடுத்தவங்களுக்குக் குடுத்துடணும். நிறைய பேர் காத்துக்கிட்டிருக்காங்க." நியாயமான பேச்சு. எனக்கு அதில் அன்றும் வருத்தமில்லை.

கம்பியைப் பாவாடைக்கு உள்ளே விட்டு, பெட்டியை இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும் இடத்தில் செருகிக்கொண்டேன். முதல் நாள் தெருமுனை வரை நடந்தேன். மழைக்காலம் தொடங்கியிருந்தது, சாலையெல்லாம் குல்மொஹர் பூ. பாதம் ஒவ்வோர் அடிக்கும் எழுந்தது. அரிவாள் வீச்சு இல்லை. கணவர் பக்கத்தில் கையை நீட்டியபடி வந்தார், பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

தகட்டின் பசை காய்ந்துவிட்டால் எறும்புக்குப் பதில் தேள் கொட்டும். ஒரு மாலை காய்கறி வண்டிக்கு அருகே அப்படிச் சுருக்கென்று பிடித்து, கால் வெட்டி, கீழேயிருந்த பீன்ஸ் கூடையை உதைத்துவிட்டேன். வண்டிக்காரர் கூடையை நிமிர்த்தி வைத்து, "ஏனம்மா, ரேட்டு ஜாஸ்தி ஆய்த்தா?" என்றார். விலை அதிகமாகப் பட்டதால் உதைத்தேனாம். ஆகவே, பசையைத் தாராளமாகத் தடவுங்கள்.

தினமும் மாலை நடந்தேன். தெருவில் நன்றாக நடந்தேன். வீட்டுக்குள் விழுந்துகொண்டிருந்தேன்.

கௌரி பண்டிகைக்கு முன் நடந்த பரிசோதனையில் மருத்துவர் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி, வெறும் பாதத்தைத் தூக்கச் சொன்னார். வரவில்லை.

"தினமும் போட்டுக்கறீங்களா?"

"தினமும் சார்."

அவர் ஷைலஜாவைப் பார்த்தார். ஷைலஜா, "ஒரு நாளும் விடறதில்லை சார்" என்றார். இருவர் சொன்னதும் உண்மை.

"கருவி மேல தப்பில்லை, உங்க மேலயும் தப்பில்லை" என்றார் மருத்துவர். "சிலருக்கு வராது." அதைச் சொல்லும்போது என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். அதற்காக அவரிடம் எனக்கு மரியாதை கூடியது. அந்த வாரமே குளியலறைப் படியில் தடுக்கி மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டேன். வித்யாவின் கல்லூரி பற்றிய பேச்சு மறுபடி வீட்டுக்குள் நடமாட ஆரம்பித்தது.

பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் ஷைலஜாவும் நாகராஜும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கொழுக்கட்டைக்கு நான் அழைத்திருந்தேன். எப்படியும் கொஞ்ச நாளில் திருப்பிக் கொடுக்கப் போகிற கருவி, கொடுத்தவர்களுக்கு ஒரு வேளை சாப்பாடாவது போட வேண்டும் என்று நினைத்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கழுவி, கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

நாகராஜ் கொஞ்ச நேரம் கழித்து, "பாட்டரியை ஒரு தடவை பாத்துடறேன், கருவி எங்கே?" என்றார்.

"அங்கதான் சார், செருப்பு ஸ்டாண்டு மேல ஆணியில தொங்குது" என்றார் என் கணவர்.

"ஏன் கழட்டி வெச்சிருக்கீங்க?"

"வெளிய போகும்போது போட்டுக்குவேன்" என்றேன்.

"வீட்டுல?"

"வீட்டுல எப்படி சார்? சுவிட்ச் செருப்புல இல்ல இருக்கு?"

நாகராஜ் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். காவிச் சிமெண்டுத் தரையில் ஐந்து பேருடைய கால்கள், ஐந்து பேருடையதும் வெறுங்கால். ஷைலஜாதான் முதலில் சிரித்தார்.

"சார், உங்க வீட்டுல நீங்க ஷூ போட்டுக்கிட்டா ஊட்டா மாடுவீங்க?" ஊட்டா மாடுவது என்றால் சாப்பிடுவது.

"நான் படிச்ச பேப்பர்ல எல்லாம் நோயாளிங்க காலையில எந்திரிச்சு ஷூ போட்டா ராத்திரிதான் கழட்டறாங்க" என்றார் நாகராஜ். "எங்க அம்மா வீட்டுக் கூடத்துல உட்கார்ந்துதான் அதைப் படிச்சேன். வெறுங்கால்ல."

அவரைச் சொல்லி என்ன. கருவியைச் செய்தவர், பயிற்சி கொடுத்தவர், பரிசோதித்தவர், போட்டுக்கொண்டவள், எல்லோருமே வீட்டு வாசலில் செருப்பை விடுகிறவர்கள். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நாளெல்லாம் நான் நடப்பது வீட்டுக்குள். கருவி நடந்ததோ மாலையில் ஒரு சுற்று, தெருவில்.

கணவர் மறுநாளே புதுச் செருப்பு ஒன்று வாங்கி வந்தார். வீட்டுக்குள் மட்டும் போட, தெருவைப் பார்க்காத செருப்பு. சுவிட்சை அதற்கு மாற்றினோம். கூடத்தில் நன்றாக நடந்தேன். சமையலறை வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். அங்கேதான் அடுப்புக்கு மேல் சாமி மாடம்.

நான் ஆசாரம் பார்க்கிறவளில்லை. எதையும் ஏன் என்று கேட்கிற புத்தகங்களாகப் படித்து வளர்ந்தவள். அது சுத்தமான செருப்பு என்பதும் தெரியும். என்றாலும் கால் எழவில்லை. இதில் நோயுற்ற காலைக் குறை சொல்வதற்கில்லை. நின்றது என் நல்ல கால்.

"அம்மா, அது புது சப்பலிம்மா" என்றாள் வித்யா. "தெருவையே பார்த்ததில்லை."

"தெரியும்."

"தெரிஞ்சா போயேன். சாமி ஒண்ணும் அன்கோளல்ல." சாமி ஒன்றும் நினைத்துக்கொள்ளாது என்பது அதன் பொருள்.

"நீ போட்டுக்கிட்டுப் போய்ப் பாரு."

வாங்கி மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போனாள். படியில் நின்றாள். ஒரு காலை உள்ளே நீட்டினாள், இழுத்துக்கொண்டாள். "சே, ஒரு தரா, ஒரு மாதிரி இருக்கும்மா" என்று கழற்றி வைத்துவிட்டாள்.

ஷைலஜாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "எங்க வீட்டுலயும் ஆகாது" என்றார். பிறகு யோசித்து, "ஸாக்ஸ் போட்டுக்கிட்டுச் சமையல் ரூமுக்குப் போவீங்களா?" என்று கேட்டார். குளிர்காலத்தில் போயிருக்கிறேன். அதற்குக் கால் நின்றதில்லை.

வித்யாவின் பழைய பள்ளிக்கூட ஸாக்ஸை எடுத்து, விரல்கள் வெளியே தெரிய முனையை வெட்டினேன். குதிகாலுக்கு அடியில் ஒரு பை வைத்துத் தைத்தேன். வலது கையில் ஊசி, இடது கை துணியைப் பிடித்துக்கொண்டது. நோய்க்குப் பிறகு அந்தக் கை செய்த முதல் உருப்படியான வேலை அது. பைக்குள் போக நாகராஜ் மெல்லிய சுவிட்ச் ஒன்றைச் செய்து கொடுத்தார்: இரண்டு செப்புத் தகடுகள், நடுவில் ஓட்டை போட்ட ஸ்பாஞ்சு, மிதித்தால் தகடுகள் ஒட்டும், எழுந்தால் பிரியும்.

முதல் நாளே வீடு துடைத்த ஈரத்தில் அது நனைந்து செயலிழந்தது. பால் பாக்கெட் உறையைக் கழுவிக் காயவைத்து, அதற்குள் சுவிட்சை வைத்து, ஓரங்களை மெழுகுவத்திச் சூட்டில் ஒட்டினோம். பிறகு ஸாக்ஸ் தரையில் வழுக்கியது. கணவர் சைக்கிள் டியூப்பைப் பட்டையாக வெட்டி அடியில் தைத்தார். தைத்துவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடியில ரப்பர், மேல துணி. கல்யாணி, இது செருப்பா ஸாக்ஸா?"

"ஸாக்ஸ்" என்றேன்.

"நீ சொன்னாச் சரி."

அன்று சமையலறைக்குள் போனேன். கால் இரண்டும் போயின.

அதற்குப் பிறகு காலையில் குளித்ததும் கட்டிக்கொண்டால் இரவு படுக்கும்போதுதான் கழற்றினேன். எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஷைலஜா சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நேரத்தைக் கூட்டினோம், ஆனாலும் முதலில் கெண்டைக்கால் கடுத்தது. தகடு இருந்த இடம் சிவந்து அரித்தது. தகட்டை அவ்வப்போது எடுத்துத் தோலைத் துடைத்துக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் புண்ணாகும். கூடத்திலிருந்து சமையலறை, அங்கிருந்து கொல்லை, திரும்பக் கூடம். ஒவ்வொரு முறை பாதம் எழும்போதும் நானும் சேர்ந்து எத்தினேன். சேர்ந்தேனா இல்லையா என்பது அப்போதும் தெரியவில்லை.

விஜயதசமி முடிந்து மருத்துவமனைக்குப் போனோம். ஊரெங்கும் தசரா கும்பல் இன்னும் கலையவில்லை. மருத்துவர் வழக்கம்போல் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தூக்கினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மருத்துவர் எழுந்து வந்து தரையில் குந்தினார். என் பாதத்தின் முன்பகுதிக்கு அடியில் உள்ளங்கையைச் செருகினார்.

"இன்னொரு தடவை."

தூக்கினேன்.

"இன்னொரு தடவை." அவர் கைக்கும் என் பாதத்துக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. ஷைலஜா குனிந்து பார்த்துவிட்டு நிமிராமலே இருந்தார்.

"இது கரண்ட் இல்லை" என்றார் மருத்துவர். "இது நீங்க."

காபி வாங்கி வருகிறேன் என்று கணவர் வெளியே போனார். வெகுநேரம் கழித்துக் காபி இல்லாமல் வந்தார்.

கருவி என்னிடமே இருந்தது. வீடு முழுக்கப் போட்டுக்கொண்டதால்தான் வந்ததா, வருகிற காலத்தில் தானாக வந்ததா என்று மருத்துவரைக் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எழுதுகிறவளாக அதை அப்படியே பதிவு செய்கிறேன். நோயாளியாக எனக்கு ஒரு பக்கம் சாய்வு உண்டு, அதையும் மறைக்கவில்லை.

தீபாவளிக்குப் பிறகு கணவர் காலை ஷிப்டுக்குத் திரும்பினார். வித்யா கல்லூரிக்குப் போனாள். வாசல் கதவு சாத்திய சத்தம் கேட்டது. கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே குக்கர் விசிலடித்தது. எழுந்தேன், போனேன், படியைத் தாண்டினேன், அடுப்பை அணைத்தேன். யாரையும் கூப்பிடவில்லை. திரும்பி வந்து விட்ட வரியிலிருந்து படித்தேன்.

குளிர்காலம் கழிந்தபோது கருவியில்லாமலே வீட்டுக்குள் நடக்க முடிந்தது. மெதுவாக, கொஞ்சம் சாய்ந்து, ஆனால் விழாமல். யுகாதிக்கு முன் நானே ஷைலஜாவிடம் போய், அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். அவர் மறுக்கவில்லை. "நீங்களே வந்து கட்டிக் காட்டுங்க. நான் சொன்னா டாக்டரம்மா பேச்சுன்னு நினைப்பாங்க" என்றார்.

அடுத்தவர் மாதேஷ் என்ற கட்டட மேஸ்திரி. கொள்ளேகாலைத் தாண்டி ராமாபுரம் பக்கம் சொந்த ஊர். சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு வலப்பக்கம் போயிருந்தது. பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. மனைவி பக்கத்திலேயே நின்றார்.

"ஏனுங்கக்கா, சுருக்குனு புடிக்குமுங்களா?"

"மொதல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். பசை காஞ்சாத்தான் சுருக்குங்கும்."

மாதேஷ் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். "கரண்ட்டு... போயிட்டா?"

"பாட்டரியில ஓடறது. கரண்ட் போனாலும் நடக்கலாம்."

"அப்பச் சரி" என்றார் மனைவி. "எங்கூருல கரண்ட்டு வந்தாத்தானுங்க அதிசயம்." மாதேஷ் பாதி வாயால் சிரித்தார்.

அவருடைய முழங்காலுக்குக் கீழே அந்த எலும்பு முண்டை விரலால் தேடினேன். கிடைத்தது. தகட்டை வைத்தேன். ஷைலஜா பெட்டியின் குமிழைத் திருப்பினார். அந்த மேஸ்திரியின் வெடித்த பாதம் மெல்ல நிமிர்ந்தது. தன் காலை வேறொருவருடையதுபோல் அவர் பார்த்த பார்வையை நான் அறிவேன்.

"இப்ப நீங்களும் சேர்ந்து தூக்குங்க" என்றேன்.

நான் வேலைக்குத் திரும்பி இரண்டு வருடங்களுக்கு மேல் ஆகிறது. மழை நாட்களில் கால் கனக்கிறது. களைத்தால் பழையபடி வெளிப்பக்கம் சுழல்கிறது. என்னை முன்பு அறிந்தவர்கள் நான் மெதுவாகிவிட்டேன் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பு நான் நடந்ததை நான் கவனித்ததே இல்லை.

வலது காலுக்கு நான் எதுவும் சொல்வதில்லை, அது தன்போக்கில் போய்விடுகிறது. இடது காலுக்குச் சொல்ல வேண்டும். சொன்னதற்கும் அது எழுவதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. கடிகாரத்தால் அதை அளக்க முடியாது, எனக்கு அது போதிய அளவு நீளமாகவே இருக்கிறது. மூளையில் அந்த வேலையை யாரோ புதியவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார், இன்னும் பழகிக்கொண்டிருக்கிறார் என்று எண்ணிக்கொள்வேன். அவர் வரும்வரை காத்திருக்கிறேன். வருகிறார். அடுத்த அடிக்கு மறுபடி கேட்கிறேன். இப்படிக் கேட்டு, கிடைத்து, கேட்டு, கிடைத்துத்தான் கூடத்திலிருந்து கொல்லைக்கும், வீட்டிலிருந்து அலுவலகத்துக்கும் போய் வருகிறேன்.

காலையில் கண் விழித்ததும் போர்வைக்குள்ளேயே ஒரு முறை கேட்பேன். இன்றும் கேட்டேன். போர்வை அசைந்தது.